பூவைக் கடைசியில் பாருங்கள்: பெயர் தெரியாத தோட்டச் செடியை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் என் சித்தி ஒரு பழைய வீட்டை வாங்கினார். வீட்டோடு தோட்டமும் வந்தது. தோட்டத்தை வளர்த்தவர் வரவில்லை. எந்தச் செடி எது என்று சொல்ல ஆளில்லை. அந்த மேட்டில் கைப்பேசியில் பேசுவதே பெரிய காரியம், படம் அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். அதனால் சித்தி செடியை வாயால் வர்ணிப்பார், நான் சேலத்தில் உட்கார்ந்து பெயர் சொல்ல வேண்டும்.

முதல் அழைப்பில் அவர் சொன்னது இது: "ஆள் உயரப் புதர். ஊதாப் பூ. அதே செடியில் வெள்ளைப் பூவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வெளிறிய நிறத்திலும் இருக்கிறது. பூ நிறம் மாறுகிறது போல. என்னடா செடி அது?"

நான் யோசிக்கவே இல்லை. "உண்ணிச்செடி சித்தி, வெட்டி எறியுங்கள்" என்றேன். மலை முழுக்கப் புதராக மண்டிக் கிடப்பது அதுதான், பூவும் நிறம் மாறும், அப்புறம் என்ன? நல்லவேளையாக அன்று வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

அது உண்ணிச்செடி இல்லை. எங்கே தவறினேன் என்று பின்னால் யோசித்தபோது, பூவிலிருந்து தொடங்கியதுதான் தவறு என்று புரிந்தது. புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதும் இதுதான். "சிவப்பாக, அழகாக ஒரு பூ" என்று ஆரம்பிப்பார்கள். சிவப்பாக, அழகாகப் பூக்கும் செடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த வர்ணனையால் ஒன்றைக்கூடக் கழிக்க முடியாது.

நிறத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு ஏற்காட்டுத் தோட்டங்களிலேயே சாட்சி இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடியிலிருந்து இரண்டு போத்து வெட்டி, ஒன்றைப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலும் மற்றொன்றைச் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணிலும் வைத்தால் முதலாவது நீலமாகவும் இரண்டாவது இளஞ்சிவப்பாகவும் பூக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாகப் பூவுக்குப் போவதுதான் காரணம். செடி ஒன்றுதான், மண் வேறு.

முதலில் ஆளைப் பாருங்கள்

செடியிலிருந்து நாலு அடி தள்ளி நில்லுங்கள். மரமா, புதரா, கொடியா, பூண்டா? அடியில் ஒரே தண்டா, மண்ணிலிருந்தே பல தண்டுகளா? கொடி என்றால் எதைக் கொண்டு ஏறுகிறது: தண்டே சுற்றிக்கொள்கிறதா, பற்றுக்கம்பி இருக்கிறதா, சுவரில் வேர் விட்டு ஒட்டுகிறதா? செங்காந்தள் இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். இந்த ஓர் அடையாளம் தெரிந்தால் பூவே இல்லாத காலத்திலும் அதைச் சொல்லிவிடலாம்.

அளவைச் சொல்லும்போது "பெரியது", "சின்னது" வேண்டாம். சாண், முழம், விரற்கடை என்று நம்மிடம் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. இடத்தையும் சொல்லுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் தோட்டச் செடிகளின் பட்டியலே மாறிவிடும். கூடவே இன்னொரு கேள்வி: யாரோ நட்டதா, தானாக முளைத்ததா? வரிசையாக நிற்கிறதா, பாத்தி கட்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்டை உருட்டுங்கள்

இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். வழுக்கிக்கொண்டு உருண்டால் வட்டத் தண்டு. தடக் தடக்கென்று நான்கு விளிம்பு தட்டினால் சதுரத் தண்டு. சதுரத் தண்டும் எதிரெதிர் இலையும் கசக்கினால் மணமும் சேர்ந்து வந்தால் துளசிக் குடும்பத்தை முதலில் சந்தேகப்படுங்கள். துளசி, தும்பை, புதினா எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் சதுரத் தண்டு அவர்களுக்கு மட்டும் உரியதில்லை. உண்ணிச்செடிக்கும் உண்டு, பவழமல்லியின் இளங்கிளைக்கும் உண்டு. ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று சேர்ந்தால் நம்பலாம்.

முள் இருந்தால் நேரானதா, கொக்கி போல வளைந்ததா, தோலோடு கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். ரோஜா முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்து வந்துவிடும். எலுமிச்சை முள் கிளையோடு கிளையாக நிற்கும்.

இலையில் நேரம் செலவழியுங்கள்

பூ சில நாட்களே இருக்கும். இலை பெரும்பாலான செடிகளில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். ஆனாலும் அதை யாரும் பார்ப்பதில்லை.

முதல் கேள்வி, கிளையில் இலை எப்படி அமைந்திருக்கிறது? ஒரு கணுவில் ஓர் இலை, அடுத்த கணுவில் வேறு பக்கம் ஓர் இலை என்றால் மாற்றிலை அமைவு. செம்பருத்தி அப்படி. ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே இருந்தால் எதிரிலை அமைவு. காப்பி அப்படி. மூன்றோ அதற்கு மேலோ ஒரே கணுவைச் சுற்றி நின்றால் வட்ட இலை அமைவு. இதைக் காண அரளியைப் பாருங்கள். பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் அரளித் தோட்டங்கள் நிறைய; ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தால் இலைகள் மும்மூன்றாக நிற்பது தெரியும். மஞ்சள் அரளி என்று நாம் சொல்லும் செடியில் இலை ஒவ்வொன்றாக, சுருள்படியாக ஏறும். பெயரில் அரளி இருந்தாலும் அது வேறு பேரினம், அதாவது நெருங்கிய செடிவகைகளைச் சேர்த்த வேறொரு தொகுதி. இரண்டுமே நஞ்சு என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

கிளையின் நுனியில் இலைகள் நெருங்கியிருப்பதால் எல்லாமே எதிரெதிராகத் தெரியும். ஒரு சாண் கீழே இறங்கிப் பாருங்கள். நான் பலமுறை ஏமாந்த இடம் இது.

அடுத்த கேள்வி கொஞ்சம் தந்திரமானது: எது இலை? சமையலுக்கு ஓர் ஈர்க்கு கறிவேப்பிலை கிள்ளி வருகிறோமே, தாவரவியல் கணக்கில் அந்த ஈர்க்கு முழுவதும் ஒரே இலை. நாம் உருவிப் போடுவது சிற்றிலைகள். முருங்கைக்கீரை இன்னும் மோசம்: ஒரு முழ நீளத்துக்குக் கிளை கிளையாகப் பிரிந்து தொங்குவது மொத்தமும் ஓர் இலைதான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. இது தெரியாமல் ஒருவர் என்னிடம் ரோஜாவை "எதிரெதிர் இலை" என்று சொல்லி ஒரு மாலை முழுவதையும் வீணடித்தார். அவர் பார்த்தது சிற்றிலைகளை. ரோஜாவின் இலை மாற்றி மாற்றித்தான் வரும், ஒவ்வோர் இலையிலும் பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும்.

ஆழமாக வெட்டுப்பட்ட இலையைக் கூட்டிலை, அதாவது இப்படிப் பல சிற்றிலைகள் சேர்ந்த இலை, என்று எண்ணிவிடாதீர்கள். சேலத்துக்காரர்களுக்குக் குச்சிக்கிழங்குச் செடியைச் சொன்னால் போதும். விரல் விரித்த கை போல அந்த இலை பிரிந்திருக்கும், ஆனால் விரல்களெல்லாம் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அது ஒற்றை இலை.

பிறகு விளிம்பு: வழவழப்பா, ரம்பப் பல்லா? நரம்பு: வாழை, புல் போல இணையாக ஓடுகிறதா, மாவிலை போல வலைப்பின்னலா? இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பாருங்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைக் காற்றடிக்கும்போது பார்த்திருந்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரியும். இலையின் வெள்ளி முழுக்க அடிப்புறத்தில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு நுணுக்கம் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. இலைகள் எதிரெதிராக இருந்தால், இரண்டு காம்புகளுக்கும் நடுவில் தண்டின் மேல் முக்கோணமாக ஒரு சிறு செதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது காப்பிக் குடும்பமாக இருக்க மிகுந்த வாய்ப்பு. காப்பிச் செடியில் ஒருமுறை அந்தச் செதிலைப் பார்த்துப் பழகிவிட்டு வீட்டு வாசலில் இருக்கும் இட்லிப்பூச் செடியிலும் தேடுங்கள். கிடைக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று பூவைப் பார்த்து யாருக்கும் தோன்றாது.

பால், மணம், வெளிச்சம்

ஓர் இலையைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வருகிறதா? வந்தால் கழிக்க வேண்டிய குடும்பங்கள் ஏராளம், மிஞ்சுவது சில. பாலும் எதிரிலையும் என்றால் நந்தியாவட்டை வகையறா. பாலும் மாற்றிலையும் என்றால் குச்சிக்கிழங்கு, கிறிஸ்துமஸ் காலத்தில் சிவக்கும் பாயின்செட்டியா போன்ற ஆமணக்குக் குடும்பத்தார், அல்லது ஆல், அத்தி. பொதுக் கணக்குதான் இது. கோவில் அரளி மாற்றிலை, பால் வடியும், ஆனாலும் நந்தியாவட்டையின் உறவு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். கிள்ளிய விரலைக் கழுவாமல் முகத்தில் கை வைக்காதீர்கள்.

இலையைக் கசக்கி முகரலாம். வாயில் மட்டும் வைக்கக் கூடாது. "நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மலைத் தோட்டங்களில் ஒரு சாண் நீள மணி போல வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூ தொங்கும் புருக்மான்சியா மாலையில் கமகமவென்று மணக்கும், ஆனால் அது ஊமத்தையின் நெருங்கிய உறவு, வேர் முதல் விதை வரை நஞ்சு. ஊமத்தைப் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். புருக்மான்சியாவின் பூ தலைகீழாகத் தொங்கும், காயில் முள் இருக்காது.

கடைசியாக இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்திலும் கொய்யா, நாவல் குடும்பத்திலும் இதைக் காணலாம்.

இப்போது பூ

நிறத்தைச் சொல்லாமல் பூவை வர்ணித்துப் பழகுங்கள். இதழ் எத்தனை? மூன்று, ஆறு என்று வந்தால் பெரும்பாலும் லில்லி, வாழை போன்ற ஒருவித்திலைத் தாவரங்கள். நான்கு, ஐந்து என்றால் இருவித்திலை. இதழ்கள் தனித்தனியாக உதிர்கின்றனவா, ஒரே குழலாகக் கழன்று விழுகிறதா? கேசரங்கள் எத்தனை? எல்லாம் சேர்ந்து ஒரு குழாயாக நீண்டிருந்தால் செம்பருத்திக் குடும்பம்.

எது இதழ் என்பதிலும் ஏமாறலாம். காகிதப்பூவில் நாம் பூ என்று பறிப்பது வண்ணம் பூசிய மூன்று செதில் இலைகள். உண்மையான பூ அதன் நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். சாமந்தியில் நாம் இதழ் என்று பிய்ப்பது ஒவ்வொன்றும் தனிப்பூ.

எப்போது மலர்கிறது, எப்போது மணக்கிறது, எப்படி விழுகிறது என்பதும் முக்கியம். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தரையில் கிடக்கும். மரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சித்தியின் புதருக்குத் திரும்புவோம்

மறுநாள் நான் ஒழுங்காகக் கேட்டேன். தண்டு உருள்கிறதா? உருள்கிறது. முள்? இல்லை. கசக்கினால் வாசனை? பச்சிலை வாசனை, வேறொன்றுமில்லை. இலை? மாற்றி மாற்றி, விரல் நீளம், மேலே பளபளப்பு, விளிம்பில் பல் இல்லை. பால்? வரவில்லை. பூ? கீழே மெல்லிய குழல், மேலே தட்டையாக விரிந்த ஐந்து மடல், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது, ஊதாப் பூவின் நடுவில் வெள்ளைக் கண்.

நிறம் மாறும் பூக்களைப் பட்டியல் போட்டேன். உண்ணிச்செடிக்குச் சதுரத் தண்டு, கொக்கி முள், எதிரெதிராகச் சொரசொரப்பான இலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. நான்குமே பொருந்தவில்லை. ரங்கூன் மல்லி கொடி, இலையும் எதிரெதிர். காலையில் வெள்ளையாகவும் மாலையில் சிவப்பாகவும் மாறும் செம்பருத்தி வகை ஒன்று உண்டு. அதன் பூ உள்ளங்கை அகலம் இருக்கும், இலை பருத்தி இலை போல மடல் பிரிந்திருக்கும். செங்காந்தளும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும், ஆனால் அது கொடி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவை எல்லாமே வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகிறவை. ரங்கூன் மல்லி வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும், உண்ணி பெரும்பாலும் மஞ்சளில் தொடங்கும். சித்தியின் செடி எந்தத் திசையில் மாறுகிறது? நான் கேட்கவே இல்லை. அவரும் மூன்று நிறத்தைப் பார்த்தாரே தவிர எது முந்தியது என்று பார்க்கவில்லை.

இதற்கு நூல் போதும். ஒரு காலையில் புதிதாக மலர்ந்த மூன்று பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டச் சொன்னேன். இறுக்கக் கூடாது, அடையாளத்துக்குத்தான். அன்று அடர் ஊதா. மறுநாள் வெளிர் ஊதா. மூன்றாம் நாள் வெள்ளை. இதழில் உள்ள ஊதா நிறமி நாளுக்கு நாள் சிதைந்துபோவதால் இப்படி நடக்கிறது.

அடர் நிறத்திலிருந்து வெள்ளைக்குப் போகும் ஐந்து மடல் பூ, மாற்றிலை, முள்ளில்லாத புதர். இப்போது பட்டியலில் ஒன்றே மிஞ்சியது: புரூன்ஃபெல்சியா. பிரேசில் நாட்டுக்காரி. கத்தரி, தக்காளி, ஊமத்தை இருக்கும் அதே குடும்பம். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியத் தாவர அறிஞர் ஓட்டோ புரூன்ஃபெல்ஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. மூன்று நாள் மூன்று நிறம் என்பதால் "நேற்று, இன்று, நாளை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செல்லப் பெயரும் உண்டு.

இது பேரினப் பெயர். இதற்குள் பல சிற்றினங்கள் இருக்கின்றன. செடிக்குத் தண்ணீர் விட்டு, கவாத்து செய்து வளர்க்கப் பேரினம் தெரிந்தால் போதும். சிற்றினத்துக்குப் போராடி இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் என்னும் பொறி

தமிழ்ப் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மல்லி என்று சொல்லிப் பாருங்கள். குண்டுமல்லி ஒன்று, குழம்புக்குப் போடும் கொத்தமல்லியும் எங்கள் பக்கம் மல்லிதான், மரமல்லி, பவழமல்லி, ரங்கூன் மல்லி வேறு. இவற்றில் குண்டுமல்லியும் பவழமல்லியும் மட்டுமே ஒரு குடும்பம். மற்ற மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பம். லின்னேயஸ் 1753இல் நிலைநிறுத்திய இரட்டைச் சொல் பெயர் இந்தக் குழப்பத்துக்குத்தான் மருந்து. அந்தத் தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதி வைத்துக்கொண்டால் நர்சரியில் ஏமாற மாட்டீர்கள்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பயன்படுத்துங்கள். ஆனால் அவை சொல்வதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் சந்தேகத்துக்குரிய ஆளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலி சொன்ன செடிக்கு எதிரிலை என்றும் உங்கள் செடிக்கு மாற்றிலை என்றும் இருந்தால் செயலி தவறு. படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுக்காமல் இலை கணுவில் சேரும் இடத்தையும் இலையின் அடிப்புறத்தையும் தனித்தனியாக எடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சியும் நடக்கும். பெயர் தெரிந்த செடியை நேரில் பார்ப்பது பத்துப் படத்துக்குச் சமம். புத்தகம் தேடுபவர்களுக்கு: ஃபைசன் என்பவர் 1932இல் தென்னிந்திய மலை வாசத் தலங்களின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் ஊட்டி, கொடைக்கானலோடு ஏற்காடும் சேர்ந்திருக்கிறது. பழைய ஆங்கிலம், பொறுமை வேண்டும்.

மாதிரி அனுப்புவது

விவரம் தெரிந்தவரிடம் காட்டப் பூவை மட்டும் பறித்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு சாண் கிளை வேண்டும்: இலை, கணு, மொட்டு, பூ, முடிந்தால் காய், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொஞ்சம் காற்றை ஊதிக் கட்டினால் ஒரு நாள் வாடாது. சித்தப்பா அப்படித்தான் ஒரு கிளையைப் பையில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்குக் கொண்டுவந்தார். இலை அமைவையும் குழலையும் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் பெயரை உறுதியாகச் சொன்னேன். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஓர் இலையையாவது கவிழ்த்து வையுங்கள். இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். காய்ந்த பூவில் நிறம் நிற்காது.

பெயர் கிடைத்ததும் செடியில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். பேனா மை ஒரே மழையில் போய்விடும், பென்சில் எழுத்து நிற்கும். அதைவிட நல்லது, குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிப் பட்டையாக்கி, தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது. பள்ளமாகப் பதியும் எழுத்து வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. பட்டையின் விளிம்பு கையைக் கிழிக்கும், மடித்துவிடுங்கள்.

சித்தியின் பட்டையில் ஒரு பக்கம் "புரூன்ஃபெல்சியா" என்று இருக்கிறது. அந்தச் செடியின் காயும் விதையும் நாய்க்குக் கடும் நஞ்சு என்று நான் சொன்னதைக் கேட்டு, மறுபக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்: "மணியை இந்தப் பக்கம் கட்டாதே."